முதல் ஷாட்டில் நான்

ஜூலை 2, புதன்

என் பெயர் மாசானம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை எழுதுகிறவள் என் மனைவி செண்பகவடிவு. எட்டாவது வரை படித்தவள். நான் வாயால் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதடி என்றேன். "நீங்க பேசுதத அப்படியே எழுதினா டைரி நாறிப்போவும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே விஷயம் என்னுடையது, இலக்கணம் அவளுடையது.

டைரி எதற்கு என்றால், நான் சினிமாவில் நடிக்கிறேன்.

ரேஷன் கடை அருணாசலத்தின் மகள் முத்துரேகா சென்னையில் சினிமாப் படிப்பு படிக்கிறாள். கடைசி வருஷம் ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். நம் ஊர் ரயில்வே கேட்டில் வைத்து எடுக்கப்போகிறாள். கதை என்னவென்றால், கல்யாண வேன் ஒன்று கேட்டில் மாட்டிக்கொள்கிறது. முகூர்த்தம் தவறப் பார்க்கிறது. ஆனால் வேன் வருவதற்கு முன்னால், படம் தொடங்கியதும், கேட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அது நான். தியேட்டரில் விளக்கணைந்ததும் ஜனங்கள் முதலில் பார்க்கப்போவது என் முகத்தை.

நடிக்கிறவர்கள் டைரி எழுதினால் பாத்திரம் உடம்பில் ஏறுமாம். ரேகாதான் சொன்னாள். சிமென்ட் கடையில் கொடுத்த டைரி அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை காலியாக இருப்பது வடிவுக்கு மனசு கேட்கவில்லை. அதில் பால் கணக்கு எழுதப்போகிறாளாம்.

தங்கத்துரை டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை. "மூஞ்சி வருமா அண்ணாச்சி?" என்று தங்கத்துரை கேட்டான். "மொதல்ல மூஞ்சிதாம்ல வருது" என்றேன். இனி இது என் மானப் பிரச்சினை.

ஜூலை 4, வெள்ளி

ரேகா வந்து நான் பேச வேண்டியதைப் படித்துக் காட்டினாள். நீளமான பேச்சு. "இந்தக் கேட்டு மூடுறதையும் தொறக்கறதையும் பாத்துப் பாத்துத்தான்மா எனக்கு நரைச்சுது" என்று ஆரம்பிக்கும். நடுவில் மழை, பஞ்சம், அந்தக் காலத்துக் கரி எஞ்சின், ஓடிப்போன தம்பி எல்லாம் வரும். "ரயிலு ஒரு நாளும் எனக்காவ நின்னதில்ல" என்று முடியும்.

ஒரு தடவைதான் படித்தாள். நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அவள் நடுவில் ஒரு இடத்தில் தும்மினாள், அதையும் சேர்த்துச் சொன்னேன்.

"தாத்தா, தும்மல் வேண்டாம்."

"அது பேச்சுல உள்ளதுன்னுல்லா நெனச்சேன்."

எனக்குக் காதில் விழுந்தது மண்டையில் ஏறிவிடும், இறங்காது. நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன். நான் விற்றுக்கொடுத்த ஒவ்வொரு மாட்டின் நிறம், கொம்பு, பல், வாங்கியவன் ஊர், அவன் மாமனார் ஊர் எல்லாம் இன்றைக்கும் சொல்வேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

ரேகாவுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. படம் முழுவதையும் எடுப்பதற்கு முன்னால் அந்த ஓப்பனிங்கை மட்டும் எடுத்து, இருபத்தோராம் தேதிக்குள் அவளுடைய வாத்தியாருக்கு அனுப்ப வேண்டும். அவரைச் சார் என்கிறாள், பெயர் சொல்வதில்லை. அவருக்குப் பிடித்தால்தான் மீதிப் படம். இல்லையென்றால் வேறொரு பையன் படத்தில் இவள் குடை பிடிக்க வேண்டியதுதான். "நீ பயப்படாத பிள்ள, மொதல்ல வாறது நான்லா" என்று தைரியம் சொன்னேன்.

ஜூலை 7, திங்கள்

சார் பேச்சை அடித்துவிட்டார். சினிமாவில் பேசி விளக்கக்கூடாதாம், காட்ட வேண்டுமாம். ரேகா தாளில் முழுப் பேச்சையும் குறுக்கே ஒரு கோடு போட்டு எனக்குக் காட்டினாள். எனக்கு அதில் கோடு மட்டும்தான் புரிந்தது.

"இப்ப ஒரே ஒரு டயலாக்தான் தாத்தா. 'இன்னும் வரலியா?' அவ்வளவுதான்."

"மத்தது?"

"மறந்துருங்க."

தாளில் கோடு போட்டால் போய்விடும். என் மண்டைக்குள் யார் கோடு போடுவது? இருந்தாலும் சரி என்றேன். யோசித்துப் பார்த்தால் இதுதான் கெத்து. டீக்கடையிலும் அப்படியே சொன்னேன்: அதிகம் பேசுகிறவன் காமெடியன், ஒரு வார்த்தை பேசுகிறவன்தான் ஹீரோ.

ஜூலை 8, செவ்வாய்

இன்றைக்கு முழுவதும் "இன்னும் வரலியா" பழகினேன். கோபமாக, சோகமாக, சும்மா. பால்காரன் தாமதமாகத்தான் வந்தான்; நான் கேட்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு அரை உழக்குக் கூட ஊற்றினான்.

ஜூலை 10, வியாழன்

வடிவு அதிரசம் சுட்டாள். எனக்கு இரண்டு கொடுத்துவிட்டு மீதியைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு, சீனி எப்போது போடுவார்கள் என்று கேட்டு வருகிறேன் என்று ரேஷன் கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். சீனி எப்போது போடுவார்கள் என்று கேட்க இவ்வளவு நேரமா? திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. சீனி இன்னும் வரவில்லையாம்.

ஜூலை 11, வெள்ளி

கேமராக்காரன் வந்துவிட்டான். ஜெரின் என்று பெயர், நாகர்கோவில் பையன். அதிகம் பேசமாட்டான். என் முகத்தை ஒரு வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். காளைக்குப் பல் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

பிறகு ரேகா ஒரு குண்டைப் போட்டாள்.

"தாத்தா, ஓப்பனிங்க கொஞ்சம் மாத்திருக்கேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நீங்க. அந்தப் பக்கம் இன்னொரு தாத்தா. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் பாக்காம உக்காந்திருக்கீங்க."

"நல்லாருக்கே. யாரு அந்த ஆளு?"

"சிவனணைஞ்சான் தாத்தா."

சிவனணைஞ்சான் என் மச்சினன். வடிவின் கூடப்பிறந்த தம்பி. எங்கள் மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷத்திலிருந்து நானும் அவனும் பேசுவதில்லை. இந்தத் தெருவில் ஒருத்தன் வந்தால் மற்றவன் அடுத்த தெருவழியாகப் போவோம்.

காரணம் இதுதான். தை மாசம், சந்தையில் ஒரு மயிலைக் காளை. நாலு பல். வாங்க வந்தவன் எட்டயபுரத்துப் பக்கம், சிவத்த துண்டு போட்டிருந்தான், இடது காதில் கடுக்கன். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தோம். பேரம் முடிகிற நேரம். அவன் என் விரலை அமுக்கப்போகிறான். அப்போது இவன் பின்னால் வந்து நின்று, சத்தமாக, "அத்தான், இதுக்கு முதுகுல பாடைச்சுழில்லா இருக்கு!" என்றான்.

பாடைச்சுழி இருக்கிற மாட்டை வீட்டில் கட்டினால் வீட்டிலிருந்து பாடை கிளம்பும் என்பார்கள். எட்டயபுரத்தான் கையை உருவிக்கொண்டு ஓடினான். காளையும் போச்சு, சந்தையில் என் பெயரும் போச்சு.

அது பாடைச்சுழியே கிடையாது, தோஷமில்லாத விரிசுழி. அதை இங்கே எழுதிக்கொள்.

(எழுதிக்கொண்டேன். தம்பி எங்கள் வீட்டைத் தாண்டும்போது சைக்கிள் பெல்லை அடிப்பான். நான் வாசலுக்கு வருவேன். இறங்காமலே போய்விடுவான். இவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும். — வடிவு)

ஜூலை 12, சனி

காலையில் போய் ரேகாவிடம், அவன் இருக்கிற படத்தில் நான் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

"அப்படியா தாத்தா," என்றாள், கொஞ்சம்கூடக் கலங்காமல். "பரவால்ல. அந்தத் தாத்தாவ மட்டும் வச்சு எடுத்துக்கிடுதேன். அவுகளுக்கு மொகவெட்டு நல்லாருக்கு."

மதியம் போய், நான் விளையாட்டுக்குச் சொன்னதாகச் சொன்னேன்.

வந்ததும் வடிவிடம் கேட்டேன். "எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லேங்கது இந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அது சின்னதா இருக்கும்போது நடந்ததுல்லா."

"ஊருக்கே தெரியும்லா" என்றாள்.

அதிரசத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று எழுதச் சொன்னேன்.

(இந்த இடத்தில் மின்சாரம் போய்விட்டது. சரியாகக் கேட்கவில்லை.)

ஜூலை 14, திங்கள்

"இன்னும் வரலியா?" அவனுக்குப் போய்விட்டது.

சார் சொன்னாராம்: முதலில் உட்கார்ந்திருப்பவர் பேசாமல் இருக்கட்டும், எதிரே இருப்பவர் பேசட்டும், அப்போதுதான் யாரிடம் கேட்கிறார் என்று ஜனங்களுக்குக் குழப்பம் வரும். குழப்பம் வந்தால் நல்லதாம். இந்தச் சாரை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"எனக்கு ஒண்ணும் கிடையாதா பிள்ள?"

ரேகா என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "நீங்க ஒரு தடவ இருமிக்கிடுங்க தாத்தா" என்றாள்.

இருமல் லேசுப்பட்ட காரியம் இல்லை. பேச்சு எல்லோரும் பேசலாம். இருமலில் கோபத்தைக் காட்டுவது நடிகனால் மட்டும்தான் முடியும். டீக்கடையிலும் சொன்னேன். தங்கத்துரை, "சிவனு அண்ணாச்சியும் காலைல வந்தாவ. அவுகளுக்கு டயலாக் உண்டாம்லா?" என்றான். டீ கசந்தது. சீனி போட மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

நாள் முழுவதும் இருமினேன். பக்கத்து வீட்டுக்காரி சுகாதார நிலையத்து நர்ஸிடம் சொல்லிவிட்டாள். நர்ஸ் வந்து சளியை ஒரு டப்பாவில் துப்பித் தரச் சொன்னாள். நடிப்பு என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். துப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 16, புதன்

இருமலும் கிடையாது.

வயசான ஆள் இருமினால் படம் முடிவதற்குள் செத்துப்போவார் என்று ஜனங்கள் எதிர்பார்ப்பார்களாம். நான் சாகவில்லை என்றால் ஏமாற்றமாக இருக்குமாம்.

அதோடு விடவில்லை. ஜெரின் வாயைத் திறந்தான். இத்தனை நாளில் முதல் தடவை. "தாத்தாவ பொறத்தால வச்சு எடுத்தா பிரேம் நல்லா இருக்கும்" என்றான். அதாவது கேமரா என் முதுகுக்குப் பின்னால். என் தோளைத் தாண்டி கேட், தண்டவாளம், அந்தப் பக்கம் அவன் முகம்.

"அப்ப மொதல்ல தெரியப்போறது..."

"உங்க முதுகு தாத்தா," என்றாள் ரேகா. "முதுகுதான் நடிக்கணும். ரொம்பக் கஷ்டம் அது. எல்லாராலயும் முடியாது."

அது உண்மைதான். வடிவிடம் என் முதுகைப் பார்க்கச் சொன்னேன். "முதுகு எப்பவும்போலத்தான் இருக்கு, வேர்க்குரு இருக்கு" என்றாள்.

டீக்கடைக்கு இன்று போகவில்லை. சாரல்.

ஜூலை 18, வெள்ளி

பின்கழுத்தைச் சிரைத்துக்கொண்டேன். புதுச் சட்டை எடுத்தேன். முதுகுப் பக்கம் தையல் நேராக இருக்க வேண்டும் என்று கடையில் ஏழெட்டுச் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரன் முன்பக்கம் பாருங்கள் என்றான். முன்பக்கம் தேவையில்லை என்றேன்.

ரேகா பார்த்துவிட்டுப் பழைய சட்டையையே போடச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 19, சனி

ஷூட்டிங்.

எங்கள் கேட்டில் காலையில் ஒரு பாசஞ்சர், சாயங்காலம் ஒரு பாசஞ்சர். நடுவில் போகிறவை வேகமாகப் போய்விடும், அவை வேண்டாம் என்றாள். காலை ரயிலுக்கே எடுப்பது என்று ஏற்பாடு. கேட்கீப்பரிடம் அருணாசலம் முன்பே சொல்லி வைத்திருந்தார்.

நான் இந்தப் பக்கம் கல்லில் உட்கார்ந்தேன், முதுகை கேமராவுக்குக் காட்டி. அந்தப் பக்கம் அவன். வெள்ளை வேட்டி, விபூதி. பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷத்தில் அவனை இவ்வளவு நேரம் நேருக்கு நேராகப் பார்த்ததில்லை. பல் இரண்டு போயிருக்கிறது. காது மடல் தொங்கிவிட்டது. ஆள் இறங்கித்தான் போயிருக்கிறான்.

கேட் இறங்கியது. ரேகா "ஆக்‌ஷன்" என்றாள். தூரத்தில் ரயில் ஊதியது. அவன் வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டயலாக்கை மறந்துவிட்டான்! ஒரு டயலாக்! அதையும் மறந்துவிட்டான்!

ரயில் வந்துகொண்டிருக்கிறது. யாராவது ஏதாவது பேச வேண்டும். என் வாய் தானாகத் திறந்தது.

"இந்தக் கேட்டு மூடுறதையும் தொறக்கறதையும் பாத்துப் பாத்துத்தான்மா எனக்கு நரைச்சுது..."

முழுப் பேச்சும் வந்துவிட்டது. மழை, பஞ்சம், கரி எஞ்சின், ஓடிப்போன தம்பி. நடுவில் தும்மலும். பேசிக்கொண்டே கேமராவைத் திரும்பிப் பார்த்தேன், ஏனென்றால் முதல் தாளில் அப்படித்தான் இருந்தது. ரயில் வந்து போய்விட்டது.

ரேகா தலையில் கைவைத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாத்தா, அதத்தான் அடிச்சாச்சே!"

"நீ அடிச்ச பிள்ள. நான் அடிக்கலியே."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சாயங்கால ரயிலுக்குச் சாரல் வலுத்துவிட்டது. இனி நாளைக் காலை ஒன்றுதான். அதுவும் போனால் அவளால் சாருக்கு அனுப்ப முடியாது. அருணாசலம் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. ரேஷன் கடையில் இருபது வருஷமாக அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தது கிடையாது. அதுதான் உறுத்தியது.

ஜூலை 20, ஞாயிறு

வாயில் ஒரு வெற்றிலையை அதக்கிக்கொண்டு போனேன், பேச்சு வராமல் இருக்க.

கேட் இறங்கியது. "ஆக்‌ஷன்." ரயில் ஊதியது. இந்தத் தடவை அவனுக்கு வந்துவிட்டது.

"இன்னும் வரலியா?"

நன்றாகத்தான் சொன்னான், பொய் சொல்லக்கூடாது. அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. மெதுவாக, "வரவேண்டிய நேரத்துக்கு வாறது சில ஆளுகளுக்குப் பழக்கமில்ல" என்று சேர்த்துக்கொண்டான்.

வெற்றிலையைத் துப்பினேன்.

"யாரலே சொல்லுத?"

"ரயிலச் சொன்னேன்."

"என்னையப் பாத்துல்லா சொன்ன!"

"நீரு ரயிலுக்கு முன்னால உக்காந்திருந்தா நான் என்னத்தப் பண்ண?"

"நேத்து ஒரு டயலாக் சொல்ல வக்கில்ல, இன்னைக்கு வாயி காது வரைக்கும் போவுது. அன்னைக்குச் சந்தையிலயும் இந்த வாயிதான!"

"இப்பவும் சொல்லுதேன் அத்தான். அது பாடைச்சுழி."

"அது விரிசுழில!"

"விரிசுழி எங்கவே அந்த எடத்துல வரும்? நாப்பது வருசம் மாடு பாத்தீரா, மண்ணப் பாத்தீரா?"

நான் எழுந்துவிட்டேன். அவனும் எழுந்துவிட்டான். அப்போது ரயில் எங்களுக்கு நடுவில் புகுந்துவிட்டது. அவனைத் தெரியவில்லை, பெட்டி பெட்டியாகப் போகிறது. ஆனால் நான் பேச்சை நிறுத்தவில்லை. அவனும் நிறுத்தவில்லை என்பது கடைசிப் பெட்டி தாண்டியதும் தெரிந்தது.

"...அத்தானாச்சேன்னு பாக்கேன், இல்லேன்னா..."

"இல்லேன்னா என்னலே? ஒங்க அக்காளக் கேளு, நான் யாருன்னு!"

"எங்கக்காள நான் எப்படிக் கேக்க? அவ ஒம்ம வீட்லல்லா இருக்கா!"

கேட் திறந்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் பைக், டிராக்டர், காய்கறி ஆட்டோ எல்லாம் ஹாரன் அடிக்கின்றன. நாங்கள் தண்டவாளத்துக்கு நடுவில் நின்று விரலை நீட்டிக்கொண்டிருக்கிறோம். கேட்கீப்பர் வந்து இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் தள்ளினார்.

ஷாட் போச்சு என்று நினைத்துத் திரும்பினேன். ரேகா அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "மன்னிச்சுக்கோ பிள்ள, அவன்தான்..." என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது, சிரித்து அழுதிருக்கிறாள். "கட் சொல்லவே மனசு வரல தாத்தா" என்றாள். ஜெரின் கட்டை விரலைக் காட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் வடிவு கேட்டாள். "தம்பிகூடப் பேசினியளாமே?"

"பேசல. சண்ட போட்டேன்."

"சண்டைன்னா வாயாலதான போட்டிய?"

"அது பேச்சுல சேராது."

(சேரும். — வடிவு)

ஜூலை 24, வியாழன்

ரேகாவுக்கு சாரிடமிருந்து போன். ஓப்பனிங் பிடித்துப்போனதாம். மீதிப் படத்தை எடுக்கச் சொல்லிவிட்டாராம். ஓடி வந்து சொன்னாள். "ஒரே ஒரு சின்ன மாத்தம் மட்டும் சொல்லிருக்கார் தாத்தா, அத எடிட்டிங்ல பாத்துக்கிடுதேன்."

நான் என்ன மாற்றம் என்று கேட்கவில்லை. முதுகுக்கு மேல் எதைக் குறைக்க முடியும்? அதுவும் நான் சண்டையில் திரும்பி நின்றபோது முகமும் பாதி விழுந்திருக்கும். இன்று டீக்கடைக்குப் போனேன். தங்கத்துரை, "சண்ட சீனாம்லா அண்ணாச்சி?" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கல்யாண வேன் எல்லாம் எடுத்து முடித்து ரேகா சென்னைக்குப் போனாள். சொல்ல ஒன்றுமில்லை. நர்ஸ் வந்து சளியில் ஒன்றும் இல்லை என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இதை ஒரு வார்த்தை விடாமல் எழுதடி என்றேன்.

படத்தை ஊரில் போட்டுக்காட்ட ரேகா கொண்டுவந்தாள். கல்யாண மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டி, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார் அருணாசலம். சொல்லாத வீடுகளுக்கு நான் சொன்னேன். முன்வரிசையில் ஆண்கள் பக்கம் ஓரத்தில் நான். நடுவில் நடைபாதை. அந்த ஓரத்தில் அவன். வடிவு பெண்கள் பக்கம். தங்கத்துரை கடையை அடைத்துவிட்டு வந்திருந்தான்.

விளக்கை அணைத்தார்கள். மண்டபம் கும்மிருட்டானது. திரையில் ஒன்றும் இல்லை. இருட்டு. ரயில் ஊதுகிற சத்தம். அதற்குப் பிறகும் இருட்டு.

"இன்னும் வரலியா?" என்று சத்தம் வந்தது. அவன் குரல். ஆனால் ஆளைக் காணோம்.

"யாரலே சொல்லுத?" இது என் குரல். என்னையும் காணோம்.

கரண்ட் பாதி போய்விட்டது என்று நினைத்தேன். எழுந்து நின்று கத்தினேன். "ஏ பிள்ள, படம் தெரியலம்மா! லைட்டப் பாரு!"

திரையிலிருந்து, "ரயிலச் சொன்னேன்."

"ரயிலும் தெரியல! ஒரு மண்ணும் தெரியல!" என்றேன்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவனும் எழுந்துவிட்டான். இருட்டில் குரல் மட்டும் வந்தது. "மிசின நிறுத்துங்கப்பா! எங்க மொகத்தக் காணும்!"

"நிறுத்தாதீங்க, மொதல்ல இருந்து போடுங்க!" என்றேன் நான்.

திரையில் நான், "அன்னைக்குச் சந்தையிலயும் இந்த வாயிதான!" என்கிறேன். இங்கே அவன், "ஏ ரேகா, நான் விபூதி பூசிட்டுல்லா வந்தேன், எங்க அது?" என்கிறான். திரையில் அவன், "அது பாடைச்சுழி" என்கிறான். நான் இங்கிருந்து, "அதெல்லாம் நல்லாக் கேக்கு, ஆளு எங்க?" என்கிறேன். எது படம், எது நாங்கள் என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. எல்லாமே படம் என்று நினைத்துவிட்டார்கள். நாலு பக்கமும் சிரிப்பு. விசில். பெண்கள் பக்கம் யாரோ மூச்சு முட்டிச் சிரித்தார்கள். அது வடிவின் சிரிப்பு. மூத்தவள் பிறந்ததற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

கடைசியில் ரயில் சத்தம் வந்து, போய், திரையில் வெளிச்சம் வந்தது. கேட் திறந்து கிடக்கிறது. தண்டவாளம் இருக்கிறது. நான் உட்கார்ந்த கல் இருக்கிறது. ஒரு நாய் இருக்கிறது. நாங்கள் இல்லை. பின்னால் கல்யாண வேன் வருகிறது.

மண்டபமே எழுந்து கைதட்டியது.

ரேகா குனிந்து ஓடி வந்தாள். "தாத்தா, சார்தான் சொன்னாங்க. இந்த ரெண்டு கொரலுக்கு மேல ஒரு படமும் வேண்டாம், கறுப்பா விட்டுருன்னாங்க. எங்க காலேஜ்ல இந்த வருசம் இதுதான் பெஸ்ட் ஓப்பனிங்..."

"நாய விட்டுருக்கியே பிள்ள!"

"அது தானா வந்தது தாத்தா."

"நாங்க மட்டும் என்ன, கூலிக்கா வந்தோம்?" என்று கேட்டது நான் இல்லை. பக்கத்தில் வந்து நின்றிருந்த அவன். "அத்தான் ரெண்டு நாளா இருமிருக்காவ. நர்ஸம்மா வந்து சளி எடுத்துட்டுப் போயிருக்கா. ஊரே சிரிச்சுது. அந்த மனுசனுக்கு ஒரு முதுகாவது காட்டக்கூடாதா?"

"முதுகக்கூட விடு," என்றேன். "இவன் மொகத்தையாவது காட்டிருக்கலாம்லா. மொகவெட்டு நல்லாருக்குன்னு நீதான சொன்ன?"

இரண்டு பேரும் விறுவிறுவென்று மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம். மீதிப் படத்தைப் பார்க்கவில்லை. முகூர்த்தம் தவறியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். தங்கத்துரை கடை அடைத்துக் கிடந்தது. அதற்கும் சேர்த்து அவனைத் திட்டிக்கொண்டே நடந்தோம். பேச்சு வளர்ந்துவிட்டது. எங்கள் தெரு வந்துவிட்டது. வீடு வந்துவிட்டது. அவன் வாசலில் நின்றான்.

"என்னலே நிக்க? உள்ள வந்து சொல்லு" என்றேன்.

வடிவு படம் முடிந்து வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு, ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். அவள் ஊறுகாயை எடுத்து வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை.

(வெங்காயம் நறுக்கினேன். — வடிவு)

ஆகஸ்ட் 18, திங்கள்

முடிவு செய்துவிட்டோம். சென்னைக்குப் போகிறோம். நானும் அவனும். அந்தச் சாரை நேரில் பார்த்து இரண்டில் ஒன்று கேட்காமல் விடுவதில்லை. நல்லதனமாகக் கேட்போம். கேட்காவிட்டால் அப்புறம் இருக்கிறது.

மதியம் முழுவதும் என்ன பேசுவது என்று பழகினோம். முதலில் நான் ஆரம்பிக்க வேண்டும், நடுவில் அவன் விழ வேண்டும். அவன் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாலேயே விழுந்துவிடுகிறான். "நீங்க எடம் விடணும்லா அத்தான்" என்கிறான். இதை நாலு தடவை திருத்தினோம். இன்னும் சரியாக வரவில்லை.

சிவனு வீட்டுக்காரி வந்து, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். சார் எத்தனை நாளில் மாற்றித் தருகிறாரோ அத்தனை நாள் என்றோம். அவளும் வடிவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அதில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

இன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை, நானே எழுதுகிறேன்.

இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போய், காலைப் பாசஞ்சரில் ஏறிவிட்டார்கள். புளியோதரை கட்டிக் கொடுத்தேன், ஒரே பொட்டலமாக. இரண்டாகக் கட்டு என்று சொன்னார்கள். கேட்காதது போல இருந்துவிட்டேன்.

ரேகாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அந்தச் சாருக்குப் போன் போட்டு, இரண்டு பெரியவர்கள் வருகிறார்கள், சீக்கிரம் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

பாசஞ்சர் நம் ஊரைத் தாண்டும் என்று கேட்டுக்குப் போய் நின்றேன். சாரல் இல்லை. ரயில் மெதுவாகத்தான் வந்தது. மூன்றாவது பெட்டியில், ஒரே ஜன்னலில் இரண்டு தலை. ஓரத்து இடம் யாருக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் வாய் அசைந்தது, அவன் வாயும் அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. முகம் இரண்டும் நன்றாகத் தெரிந்தது.

என்னைப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.